மூணு மணிக்கு மேல் ஒழுகும் பாட்டில்கள்

— கையெழுத்துப் போடு தமிழரசி. ஆறு பேரு லிஸ்ட்டு. கீழ சூப்பர்வைசர்னு உன் பேரு. நாளையிலேர்ந்து ஆறு பேரும் வேலைக்கு வரவேண்டாம். அவ்ளோதான்.

— மூணாவது பேரு கருப்பாயி. எங்கம்மா. தெரிஞ்சுதான நீட்டுறீங்க, மொதலாளி?

— தெரியும் தாயி. இந்த ஜெகநாதனுக்குப் பழக்கம் வேற, கம்பெனி வேற. நம்ம தீவுலேர்ந்து கப்பல்ல போன தேங்கா எண்ணெய் சென்னையில இறங்குறப்ப கால்வாசிப் பெட்டி ஒழுகியிருக்கு. எல்லாம் கோணல் மூடி. யார் மூடினது? இந்த ஆறு பேரு.

— மூணு மணிக்கு மேல மூடினது. அதையும் எழுதுங்க. காலையில மூடுன பாட்டில் ஒண்ணுகூட ஒழுகல.

— அதைத்தான சொல்றேன். சோறு உள்ள போனதும் கண்ணு சொக்குது. போன மாசம் வியட்நாம்ல ஒரு ஃபேக்டரி பாத்தேன். அச்சா, அந்தப் பொண்ணுங்க காலையில எப்படியோ சாயங்காலமும் அப்படியே. கை மிஷினாட்டம் ஓடுது. நம்ம நாடு எங்கிட்டு அவங்களோட போட்டி போடுறது? ஜனம் சரியில்ல தாயி.

— அங்க கக்கூஸ் போனீங்களா?

— என்ன கேள்வி இது?

— போனீங்களா இல்லையா?

— போனேன். படுத்துத் தூங்கலாம், அம்புட்டு சுத்தம்.

— அந்தப் பொண்ணுங்களுக்கும் இருந்துச்சா?

— இருந்துச்சு, இருந்துச்சு. வரிசையாப் போயிட்டு வந்துச்சுங்க. அதுக்கும் மூடிக்கும் என்ன சம்பந்தம்?

— நம்ம பொம்பளைங்க காலையில வீட்டுல குடிக்கிற டீயோட சரி. அப்புறம் ஒரு வாய் தண்ணி தொடமாட்டாங்க. குடிச்சா போகணும், போக எடமில்ல. கச்சால் தீவுல ரப்பர் வெட்டுறப்ப எங்கம்மாவுக்குச் சுத்தியும் காடு இருந்துச்சு. இந்தக் கராச்சர்மா டவுனுல சுத்தியும் மாடி வீடு. பால்கனிக்கு ஒருத்தன் நின்னு போன் பேசுறான்.

— அரே, அடக்கிப் பழகுனவங்கதான.

— நீங்க பழகிப் பாருங்க. தகரக் கூரைக்குக் கீழ எட்டு மணி நேரம், தண்ணியில்லாம, நின்னமேனிக்கு. அப்புறம் மூடி கோணுதா, மொதலாளியே கோணுறாரான்னு பாப்போம்.

— பி.எஸ்சி. திமிரு.

— எங்க வம்சத்துலயே மொதல்ல படிச்சவ நான். கொஞ்சம் திமிராத்தான் இருந்துட்டுப் போறேனே. லிஸ்ட்டுல இல்லாத ஜெயமணியைப் பாருங்க. வீடு எதுத்தாப்புல. மத்தியானம் ஒரு எட்டு போயிட்டு வர்றா, வயிறு நெறையத் தண்ணி குடிக்கிறா. ஒரு மாசம் கவனிச்சேன், அஞ்சு மணிக்கும் அவ மூடி நேரா நிக்குது. அவளும் சோறுதான் திங்கிறா. அவளும் நீங்க சொல்ற அதே ஜனந்தான்.

— இப்ப என்னாங்குற?

— முன்வாசல்ல பச்சைக் கதவு, மேல ‘பெண்கள்’னு எழுதி, நாலு வருஷமாப் பூட்டியே கெடக்கு. ஒரு வாரத்துக்குச் சாவியக் குடுங்க. அதுக்கப்புறமும் ஒழுகுனா, ஏழாவதா என் பேரையும் எழுதி நானே கையெழுத்துப் போடுறேன்.

— அது விசிட்டருக்கு.

— ஒரு விசிட்டரும் உள்ள போய் நான் பாத்ததில்ல.

— தண்ணியே மூணு நாளைக்கு ஒருக்கதான் வருது.

— குடத்துல கொண்டு வர்றோம்.

— அசிங்கம் பண்ணி வச்சிருவாங்க தாயி.

— நான் கழுவுறேன். டிகிரியோட கழுவுறேன். சாவி?

— சாவி… மெயின்லேண்டு வீட்டுல மாட்டிக்கிச்சு.

— சரி. தேங்கா உரிக்கிற கடப்பாரை இந்தா கெடக்கு. அந்தப் பூட்டு ரெண்டு அடி தாங்காது.

— ஏ தமிழு, நில்லு. கடப்பாரையக் கீழ போடு. சொன்னாக் கேளு.

— வெளிய ஆறு பேரும் நிக்கிறாங்க. ஏன் ஒடைக்கக் கூடாதுன்னு ஒரு காரணம் சொல்லுங்க, போடுறேன்.

— மெதுவாப் பேசு. லைசென்ஸுக்குக் கக்கூஸ் போட்டோ கேட்டாங்க, அவசரத்துக்குக் கதவ மட்டும் வாங்கிப் பதிச்சேன். ஒடைச்சா பின்னாடி செவருதான் தாயி இருக்கும்.