வாசலில் நின்றவர்

— நேத்து நான் எடுத்த வகுப்புல அந்த ஆஸ்பத்திரிச் சுவத்துக் கடிகாரமே நின்னு போச்சுடி. டாக்டர், நர்ஸ், செக்யூரிட்டின்னு நூறு பேர். ஒருத்தர் மூச்சு விடலை.

— பேட்டரி தீந்திருக்கும்மா.

— ரிடையர் ஆன டீச்சர்தானேன்னு நினைச்சிட்டியா? ஆளைப் பாத்ததும் நம்மளை அறியாம எடைபோடுறோமே, அதைப் பத்தித்தான் வகுப்பு. எங்களுக்கு அந்தப் பழக்கமே இல்லை மேடம்னாங்க. சரின்னுட்டு, டை கட்டின ஆள் ஒண்ணு, தள்ளாடுது, நாக்குக் குழறுது, என்ன சொல்வீங்கன்னேன். “அய்யோ, அவருக்கு என்ன ஆச்சு”ன்னு கூரை பிச்சுக்கிட்டுப் போச்சு. ரெண்டு பேர் ஸ்ட்ரெச்சர் எடுக்க ஓடியே போயிட்டாங்க.

— ஓடினாங்களாக்கும்.

— சரி, பாதி எழுந்தாங்க. அப்புறம் அதே தள்ளாட்டம், அதே குழறல், சட்டையில மட்டும் கிரீஸ்னேன்.

— “குடிச்சிருக்கான்”னாங்களா?

— “குடிச்சிரு”ன்னு ஆரம்பிச்சு மிச்சத்தை முழுங்கிட்டாங்க. அப்பதான் கடிகாரம் நின்னுச்சு.

— அது அப்பான்னு சொன்னியா? ஒர்க்‌ஷாப்லேருந்து நேரா அந்த ஆஸ்பத்திரிக்குத்தான் போனாரு, மூளையில ரத்தம் கட்டி, வாசல் பெஞ்சுல உக்காந்தபடியே போயிட்டாருன்னு? “தெளிஞ்சதும் வா”ன்னு உள்ள விடாம வச்சானே அந்த செக்யூரிட்டி, அவன் பேரைச் சொன்னியா?

— அப்பாவைச் சொன்னேன். பேரைச் சொல்லலை.

— சொல்ல மாட்டே. தண்ணி குடிங்க, நிதானமா மூச்சு விடுங்கன்னு தடவிக் கொடுத்திருப்பே.

— குத்திக் காட்டினா எல்லாரும் வக்கீலா மாறிடுவாங்கடி. தனக்குள்ள திரும்பிப் பாக்கத் தெம்பு வேணும். அவங்களுக்கு மட்டும் இல்லை. தண்ணியை முதல்ல எடுத்தது நான்தான். பாதி மடியில கொட்டிடுச்சு.

— அப்புறம்?

— கடைசி வரிசையில ஒருத்தர் எழுந்தாரு. “மேடம், அன்னிக்கு வாசல்ல நின்னது நான்தான்”னாரு.

— போதும்மா. கடிகாரத்தைக்கூட நம்பிடுறேன். அவன் எழுந்திருக்க மாட்டான். அப்பா போனதுலேருந்து நீ இப்படித்தான், எதையாவது சேத்துச் சேத்துச் சொல்லிக்கிட்டு.

— இதுல ஒரு சொட்டு சேக்கலை. நீயே நம்பலைன்னா நான் வேற யார்கிட்டடி போய்ச் சொல்லுவேன்?

— அழாதம்மா.

— எழுந்தாருடி.

— எழுந்தாரும்மா, நானும் பாத்தேன். ஒத்துக்கத்தான் மனசு வரலை. அவனோட சண்டை போடணும்னுதான் நேத்து உன் வகுப்பு முடியுற நேரத்துல அங்க வந்தேன். கதவைத் திறந்தா நடுங்கிக்கிட்டு நிக்கிறாரு. வந்ததே மறந்துபோச்சும்மா. அவருக்கு என்ன ஆச்சோன்னு பதறிட்டேன்.