பின்னறைக்குச் சிக்னல் வந்த நாள்

எங்கள் வீட்டில் வைஃபை சரியாக எடுக்காது. பழைய வீட்டில் குடியிருப்பவர்களிடம் இதைச் சொன்னால் உடனே தலையாட்டுவார்கள். கருங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய சுவர்கள்; குறுக்கே அளந்தால் முழுசாக இரண்டடி. ரூட்டர் முன்கூடத்தில் இருக்கிறது. கூடத்தில் உட்கார்ந்தால் படம் தண்ணீர் மாதிரி ஓடும். ஒரு சுவர் தாண்டினால் திக்கும். இரண்டாவது சுவருக்கு அப்பால் படுத்துவிடும். என் படிப்பறை வீட்டின் பின்பக்கம், மூன்று சுவர் தள்ளி.

நான் கணக்கு வாத்தியார், மேடம். பள்ளிக்கூடத்தில் இருபத்திரண்டு வருடம். இப்போது நான்கு வருடமாக வீட்டிலிருந்தே, கணினிக்கு முன்னால். காலை பதினொரு மணி வகுப்பில் முப்பத்தெட்டு பேர். பாதித் தேற்றத்தில் என் முகம் அப்படியே நின்றுவிடும், வாய் கோணியபடி. பிள்ளைகள் அதைப் படம் பிடித்து ஒருவருக்கொருவர் அனுப்பிச் சிரித்திருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்லி என்ன செய்ய. சிக்னல் சரியில்லை, அவ்வளவுதான்.

கூடத்திலேயே உட்கார்ந்து பாடம் நடத்தலாமே என்று உங்களுக்குத் தோன்றும். கூடத்தில் தெருச் சத்தம். தவிர, படிப்பறைக்கு எதிரேதான் பின்னறை. நடுவில் ஒரு சின்ன நடை. என் மனைவி பகலில் பின்னறையில் இருப்பாள். பாடம் நடத்தும்போது அவள் எங்கே இருக்கிறாள் என்பது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் கவனம் சிதறும்.

அவளுக்குப் போன் இருந்தது. போன் கொடுக்காத புருஷன் என்று எழுதிவிடாதீர்கள். மூன்று மாதத்துக்கு முன்பு சிம்மை மட்டும் எடுத்து என் மேசையில் வைத்துக்கொண்டேன். வைஃபை பாஸ்வேர்டையும் மாற்றினேன். தம்பியோடு பேசிவிட்டு வந்தாலே அவள் முகம் வேறு மாதிரி ஆகிவிடும். அன்றைக்குச் சமையலில் ஏதாவது ஒன்று கெடும். போனில் பழைய படங்கள் இருந்தன, பாட்டு இருந்தது. ஒரு ஆளுக்கு அது போதும்.

தம்பி, அதாவது என் மச்சான், கட்டிடங்களுக்குக் கேபிள் இழுக்கிறவன். நல்ல தொழில்காரன். ஒருநாள் எனக்குப் போன் செய்தான்.

“மாமா, அக்காவுக்குப் போன் போட்டா போகவே மாட்டேங்குது. எத்தன நாளா?”

“வீட்டுக்குள்ள சிக்னல் கிடைக்கல மச்சான். சுவரு அப்படி.”

“அப்படின்னா நானே வந்து சரி பண்ணித் தரேன். இதுக்குப் போயி வெளியாள் எதுக்கு?”

இந்த விஷயத்தில் என் பிழை என்று ஒன்று இருந்தால் அது இதுதான். வேறு காரணம் சொல்லியிருக்கலாம். ஆனால் எனக்கும் வைஃபை தேவைப்பட்டது. சிக்னலை இழுத்து நீட்டும் என்று ஒரு பெட்டியை வாங்கி நடு அறையில் சொருகிப் பார்த்திருந்தேன். வந்தால்தானே நீட்டுவதற்கு.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு ஏணியும் ட்ரில்லும் ஒரு சுருள் கேபிளுமாக வந்தான். முதலில் எதையும் தொடவில்லை. போனைக் கையில் பிடித்துக்கொண்டு அறை அறையாக நடந்தான். ஒவ்வொரு மூலையிலும் நின்று எத்தனை கோடு காட்டுகிறது என்று பார்த்துச் சுவரில் பென்சிலால் சின்னதாகக் குறித்தான். அந்த முறை எனக்குப் பிடித்திருந்தது.

“சுவத்துக்குள்ள சிக்னல் போகாது மாமா. கதவு கண்ட எடத்துல வளைஞ்சு வளைஞ்சு வரும். பின்னால வரும்போது சீவன் போயிடுது. மூணு சுவத்தையும் தொளைச்சுக் கேபிளையே கொண்டாந்துடலாம். நடையில மேல ஒரு பெட்டி மாட்டினா உங்க ரூமுக்கும் எடுக்கும், அக்கா ரூமுக்கும் எடுக்கும்.”

“என் ரூமுக்கு எடுத்தா போதும்.”

“ஒண்ணா வரப்போறத எதுக்கு மாமா பிரிச்சுக்கிட்டு?”

சிரித்துக்கொண்டே சொன்னான். பிறகு பின்னறைக்குள் எட்டிப் பார்த்தான். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

“என்னக்கா, இந்தப் புழுக்கத்துல முழுக்கைச் சட்டை?”

“எனக்குக் குளிருதுடா.”

நான் அவனுக்குப் பின்னால்தான் நின்றிருந்தேன். அவன் திரும்பினான். கதவின் வெளிப்பக்கத்துத் தாழ்ப்பாளை மட்டும் ஒரு நொடி பார்த்தான்.

முதல் இரண்டு சுவரையும் ஒன்பதரைக்குள் துளைத்துவிட்டான். மூன்றாவது சுவர் முரண்டு பிடித்தது. ட்ரில் ஒன்றரை அடிக்குமேல் போகவில்லை. “மாமா, நீங்க அந்தப் பக்கத்துலேருந்து உளி வச்சுத் தட்டுங்க, நான் இந்தப் பக்கம் போடுறேன்” என்று சுத்தியலை என் கையில் கொடுத்தான். ஒன்றரைக் கிலோ இருக்கும். கைப்பிடி வழவழவென்று தேய்ந்திருந்தது. இருபது நிமிடம் இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் நின்று தட்டினோம். ஓட்டையில் வெளிச்சம் தெரிந்தபோது அவன் கண் அந்தப் பக்கம் தெரிந்தது. “வந்துட்டோம் மாமா” என்றான். எனக்கு அவன்மேல் பிரியம் வந்த நேரம் அது. பொய் சொல்லவில்லை.

பெட்டியை மாட்டினான். பச்சை விளக்கு எரிந்தது. என் கணினியில் படம் ஓட்டிப் பார்த்தேன், நிற்காமல் ஓடியது. அவன் ஏணியில் ஏறிக் கேபிளைச் சுவரோடு சேர்த்து ஆணி அடிக்கப் போனவன், பாதியில் நின்றான்.

“அக்கா, உன் போனைக் கொண்டா. புதுப் பெட்டி பாஸ்வேர்டு போட்டுத் தரேன்.”

அவள் என்னைப் பார்த்தாள். மறுக்க எனக்கு ஒரு காரணம் அகப்படவில்லை. கொடு என்று கண்ணைக் காட்டினேன். அவன் போட்டுக் கொடுத்துவிட்டு ஆணியை எடுத்தான்.

அப்புறம் அவன் சட்டைப் பையில் அவனுடைய போன் ஒலித்தது. ஒருமுறை, இரண்டு முறை. பிறகு நிற்கவே இல்லை. ஓட்டு வீட்டுமேல் மழை பிடித்த மாதிரி.

அந்த மூன்று மாதமும் பின்னறையில் உட்கார்ந்து அவனுக்கு எழுதிக்கொண்டே இருந்திருக்கிறாள். சிம் இல்லை, வைஃபை இல்லை. எழுதியது எதுவும் போகாது என்று அவளுக்கும் தெரியும். எல்லாம் போனுக்குள்ளேயே காத்துக் கிடந்திருக்கிறது. சிக்னல் கிடைத்ததும் கிளம்பிவிட்டது. நூற்று நாற்பத்து மூன்று செய்தி. நீங்கள் அச்சடித்துக் காட்டியதால் எண்ணிக்கை தெரியும்.

அதில் சிலவற்றை நானும் வாசித்தேன். ‘தம்பி, இது உனக்கு வராது. எழுதினா மனசு லேசாகுது.’ ‘இன்னைக்கு உப்பு கூடிடுச்சு. விரலைக் கதவிடுக்குல வச்சு மூடினார்.’ ‘ரெண்டு நாளா தண்ணி மட்டும்.’ ‘இடது காது கேக்கல. வகுப்பு நடக்குதுன்னு வாயில துணி வச்சு அடிச்சார்.’

இவற்றில் திருத்தம் செய்ய வேண்டியது இருக்கிறது. பன்னிரண்டாம் தேதி இஸ்திரிப் பெட்டி என்று எழுதியிருக்கிறாள். அது காய்ச்சிய கரண்டி. தண்ணீர் மட்டும் கொடுத்தது ஒன்றரை நாள். காது விஷயத்தில் நான் காதை அடிக்கவில்லை, கன்னத்தை அடித்தேன். அவள் முகத்தைத் திருப்பினாள். வாக்குமூலத்தில் இந்த மாதிரி விவரங்கள் சரியாக இருக்க வேண்டும் இல்லையா.

அவன் ஏணியிலேயே நின்று வாசித்தான். வாசிக்க வாசிக்க அவன் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கடைசிவரை வாசித்தான் என்று நினைக்கிறேன். பிறகு மெதுவாக இறங்கினான்.

“அக்கா, செருப்பப் போடு. கிளம்பு.”

“மச்சான், வேல பாதியில நிக்குது” என்றேன்.

“வழிய விடுங்க மாமா.”

“பதினோரு மணிக்கு எனக்கு வகுப்பு இருக்கு. மத்தியானம் பேசிக்கலாம்.”

“இனிமே உங்ககிட்டப் பேச எனக்கு ஒண்ணுமில்ல.”

அவன் என்னை அடித்திருந்தால் விஷயம் வேறு மாதிரி போயிருக்கும். கை ஓங்கக்கூட இல்லை. என் வீட்டு நடையில், என் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு, என்னைத் தாண்டி நடந்தான். முதுகைக் காட்டிக்கொண்டு. சுத்தியல் ஏணியின் படியில் இருந்தது.

முதல் அடி பின்மண்டையில். கல்லைத் தட்டும்போது கை அதிர்கிறதே, அப்படி அதிரவில்லை, உள்ளே வாங்கிக்கொண்டது. அவன் முழங்காலிட்டு, கேபிள் சுருளின்மேல் சாய்ந்தான். இன்னும் இரண்டு அடித்தேன். இரண்டாவது அடிக்கு ஒரு சத்தம் வந்தது. மூன்றாவதற்கு வரவில்லை.

அவள் கத்தவில்லை. இத்தனை வருடத்தில் கத்தாமலிருக்கப் பழகியிருந்தாள். உட்கார்ந்து அவன் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து, “ஏங்க, மூச்சு இருக்குங்க. யாரையாவது கூப்பிடுங்க” என்றாள். மரியாதையாகத்தான் கேட்டாள்.

குனிந்து பார்த்தேன். மூச்சு இருந்தது. மூக்கில் சின்னதாக ஒரு குமிழ் வந்து வந்து உடைந்தது. அதனால் நான்காவது அடி தேவைப்பட்டது. அவள் மடியிலிருந்து தலையை நகர்த்த ஒப்பவில்லை, அப்படியே அடிக்க வேண்டியதாயிற்று. அவள் தொடையிலும் பட்டது. அது நான் வேண்டுமென்று செய்ததல்ல.

பிறகு என் கணுக்காலைப் பிடித்துக்கொண்டாள். விடு என்று இரண்டு முறை சொன்னேன். விடவில்லை. கையைத் தரையில் வைத்து இரண்டு அடி. வலது கை மட்டும்தான்.

மணி பத்தே முக்கால். அவனைப் பின்னறைக்குள் இழுத்துப் போட்டேன். அவளும் கூடவே தவழ்ந்து உள்ளே வந்தாள். தாழ்ப்பாள் போட்டேன். அவனுடைய போனை வாளித் தண்ணீரில் அமுக்கினேன். அவளுடைய போனை எடுக்கவில்லை. அந்த அறைக்குள் போன் என்பது வெறும் கண்ணாடி என்று மூன்று மாதமாகப் பழகிவிட்டது எனக்கு. சிக்னலைக் கொண்டுவர இத்தனை பாடுபட்டுவிட்டு, அது வந்துவிட்டது என்பதை மறந்துபோனேன்.

கை கழுவினேன். சட்டை மாற்றினேன். பதினொரு மணிக்கு வகுப்பைத் தொடங்கினேன். முப்பத்தெட்டு பேரும் வந்திருந்தார்கள். வட்டத்தின் தொடுகோடு. படம் ஒரு தடவைகூட நிற்கவில்லை. ஒரு பையன், “சார், இன்னைக்கு நீங்க ரொம்பத் தெளிவாத் தெரியிறீங்க” என்று எழுதினான். இத்தனை நாளில் அன்றைக்குத்தான் திருப்தியாகப் பாடம் நடத்தினேன்.

அவள் இடது கையால் நான்கு படம் எடுத்துத் தம்பி மனைவிக்கு அனுப்பியிருக்கிறாள். உங்கள் ஆட்கள் கதவை உடைத்துக்கொண்டு வந்தபோது பதினொன்று நாற்பது. பத்து நிமிடம் கேட்டேன், கொடுக்கவில்லை. தேற்றம் பாதியில் நின்றது.

எழுதிக்கொள்ளுங்கள். அவனைக் கொன்றது நான்தான். நான்கு அடியும் என்னுடையது. செய்திகளில் இருப்பவையும், நான் சொன்ன திருத்தங்களோடு, நான் செய்தவைதான். கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று காட்டினால் போட்டுவிடுகிறேன்.

ஆஸ்பத்திரியில் அவள் உங்களோடு மூன்று மணி நேரம் பேசினாள், என்னைப் பற்றி ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை என்று சற்று முன் சொன்னீர்கள். அதை நீங்கள் தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது, மேடம். நான் சாப்பிட்டேனா, எங்கே படுக்கிறேன் என்றெல்லாம் கேட்க அவளுக்கு ஆசைதான். கேட்கலாமா கூடாதா என்று தெரியாமல் இருக்கிறாள். கேட்கலாம் என்று நான் சொன்னதாகச் சொல்லுங்கள். கேட்பாள்.