கத்தரி போன வழி

"ஹலோ... ஆங், சொல்லுங்கண்ணே, சிஸ்டர்தான் பேசறேன்... இல்லல்ல, தொந்தரவெல்லாம் இல்ல. டாக்டர் ஒருத்தருக்குப் பல்லு பிடுங்கிட்டு இருக்கார், நான் பின்னாடி ரூம்ல நிக்கறேன்... ம்... ம்... சொல்லுங்க."

பின்னறையில் ஸ்டெரிலைசர் சீறிக்கொண்டிருந்தது. சிஸ்டர் போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, கழுவிய கொக்கிகளையும் குட்டிக் கண்ணாடிகளையும் தட்டில் அடுக்கினாள். அவள் குடியிருக்கும் தெருவில் பன்னிரண்டு வீடு. பன்னிரண்டிலும் ரோஜாச் செடி. எல்லாவற்றுக்கும் தோட்டக்காரர் இவர் ஒருவர்தான்; தெருவின் கடைசி வீடு இவருடையது. வேலை நேரத்தில் அவர் அவளை அழைத்ததே இல்லை.

"ஆமாண்ணே, காலைல வரும்போது பார்த்தேன். தையல்காரம்மா வீட்டுச் செடியும் போயிடுச்சு... ஆமாமா, நுனியிலருந்து கருப்பா... எரிஞ்ச தீக்குச்சி மாதிரி, ஆமா... ஒன்பது வீடா? நான் ஏழுன்னு நினைச்சேன்."

அவள் அப்படி நினைக்கவில்லை. தினமும் எண்ணிக்கொண்டுதான் வருகிறாள். ஒன்பதுதான்.

"என்னது?... யாருகிட்ட சொல்லிட்டீங்க? தெருச் சங்கத்துச் செயலாளர்கிட்டயா? என்னன்னு சொன்னீங்க?... இருங்க, இருங்கண்ணே. உங்க மேலயா? நீங்க எப்படி... கவாத்து பண்ணப்ப நீங்க ஊர்லயே இல்லையே. பொண்ணு பிரசவத்துக்குப் போயிருந்தீங்க."

அது உண்மை. செடிகளைக் கிளை வெட்டிக் கவாத்து பண்ணும் பருவமும் மகளின் பிரசவமும் ஒரே மாதத்தில் வந்து நின்றன. தன் கத்தரியையும் ஒரு பாட்டில் ஸ்பிரிட்டையும் சிஸ்டரிடம் கொடுத்துவிட்டுத்தான் அவர் கிளம்பினார். போன இரண்டு வருஷமும் அவர் கூடவே நின்று தன் வீட்டுச் செடியை வெட்டியவள் அவள். அவளே ஆசைப்பட்டுக் கேட்டிருந்தாள். அவர் வைத்தது ஒரே நிபந்தனை: ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குப் போகும்முன் கத்தரியை ஸ்பிரிட்டில் துடைக்க வேண்டும். அதைச் சொல்லிவிட்டு, ஆஸ்பத்திரிக்காரிக்கு இதைப் போய்ச் சொல்கிறேனே என்று அவரே சிரித்துக்கொண்டார்.

"ம்... ம்... ஓ. ஊருக்குப் போற அன்னிக்குக் காலைல உங்க வீட்டுச் செடிய வெட்டினீங்க, சரி... அதே கத்தரிய அப்படியே என்கிட்ட குடுத்தீங்க, சரி... அதனால உங்க செடியில இருந்துதான் தெருவுக்கே பரவுச்சுன்னு நினைக்கறீங்க. மொதல்ல கருகினது உங்க செடின்னு... ஆமா, புரியுது. ஆனா அண்ணே... நாளைக்கேவா? எல்லார் வீட்டுக் கேட் சாவியும் திருப்பிக் குடுத்துடப் போறீங்களா? பதினெட்டு வருஷமாச்சேண்ணே. திடீர்னு வேலைய விட்டுட்டு என்ன பண்ணுவீங்க?"

அவள் கையில் இருந்த கண்ணாடி தட்டில் விழுந்து சுழன்றது.

"ஒண்ணுமில்ல, சாமான் விழுந்துச்சு... இல்லண்ணே, அப்படிச் சொல்லாதீங்க. நான் கண்டிப்பா துடைச்சிருப்பேன்னு நீங்க... ஆமா. ஆமா, இங்க ஒவ்வொண்ணையும் வேகவெச்சுதான் எடுப்போம்... ஆமா, அது இங்க. இருங்க, டாக்டர் கூப்பிடறார். வெச்சுடாதீங்க. இல்ல, வேலை இருந்தா வெச்சுடுங்க. அப்பறமா பேசிக்கலாம்."

போனை மேசை மேல் கவிழ்த்துவிட்டு முன்னறைக்குப் போனாள். நாற்காலியில் இருந்தவர் இரண்டு கைப்பிடிகளையும் இறுகப் பிடித்து, வாயை அகலத் திறந்து, விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் இடுக்கியால் பஞ்சை எடுத்து, விரல் படாமல் டாக்டரிடம் நீட்டினாள். இருபது வருஷப் பழக்கம். தோட்டக்காரர் இதற்குள் போனைத் துண்டித்திருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டே திரும்பி வந்தாள்.

"ஹலோ?... இருக்கீங்களா. ம், இருக்கீங்க."

ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அண்ணே, மண்ணுல ஏதாவது கோளாறா இருக்கலாமில்ல. இந்த வருஷம் மழையும் ஜாஸ்தி. அப்பறம் ரோடு போட்டாங்களே, அந்தத் தார்ப் புகை... ஆமா. தார்ப் புகைக்கு ரோஜா மட்டும் ஏன் சாகுது, சரிதான்... அதுவும் மூணு வீட்ட மட்டும் விட்டுட்டு, ம், சரிதான்... அழறீங்களா? சளியா. சரி."

அது சளி இல்லை என்று அவளுக்குத் தெரிந்தது.

"அண்ணே, இப்ப நான் கொஞ்சம் பேசறேன். நடுவுல ஒண்ணும் பேசாதீங்க. பேசுனீங்கன்னா என்னால சொல்ல முடியாமப் போயிடும்... 'சரி'ன்னும் சொல்லாதீங்க."

ஸ்டெரிலைசரின் சீற்றம் அடங்கிக்கொண்டே வந்தது.

"நான் துடைக்கல."

மணி அடித்தது.

"இது மெஷின் சத்தம்ணே. வெந்து முடிஞ்சா அடிக்கும்... துடைக்கலன்னு சொன்னேன். ஆமா, கத்தரிய. மொதல்ல துடைச்சேன், மூணு வீடு வரைக்கும். மூணாவது வீட்டுத் திண்ணை மேல பாட்டில வெச்சவ, அங்கயே விட்டுட்டு வந்துட்டேன். திரும்பிப் போனா நாலு எட்டு. போகல... ஏன்னா என்னன்னு சொல்ல? எல்லாரும் வாசல்ல நின்னு பார்த்துட்டு இருந்தாங்கண்ணே. சிஸ்டர் கை பட்டாலே செடிக்கு ஒரு அழகு வருதுன்னு பேங்க்காரர் வீட்டம்மா சொல்றாங்க. எங்க வீட்டுக்கு எப்ப, எங்க வீட்டுக்கு எப்பன்னு கேக்கறாங்க. பாட்டில் கையில இல்லன்னு எனக்கு நல்லாத் தெரியும். ஆனா நிக்க மனசு வரல. இங்க என்னை யாருண்ணே பார்க்கறாங்க. வாயத் திறந்துட்டு விளக்கப் பார்ப்பாங்க, அவ்வளவுதான்."

தட்டின் ஓரத்தை விரலால் தேய்த்தாள். அந்தப் பக்கம் அவர் எதையோ கேட்டார்.

"வரிசையா? இப்ப எதுக்குண்ணே வரிசை... சரி, சொல்றேன். முனை வீடு. பேங்க்காரர். டீச்சர். டீச்சர் வீட்டுலதான் பாட்டில் நின்னுடுச்சு... ஆமா. பச்சையா நிக்கறது அந்த மூணுதான்... ம். நாலாவது எங்க வீடு. எங்க செடியில ஒரு குச்சி அப்பவே கருப்பா இருந்துச்சு. பார்த்தேண்ணே. வெயில்ல காஞ்சதுன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டு அதயும் வெட்டிப் போட்டுட்டு, அதே கத்தரியோட தையல்காரம்மா வீட்டுக்குப் போனேன். அப்பறம் ரெட்டைப் புள்ளைங்க வீடு. செயலாளர் வீடு. அப்படியே கடைசி வரைக்கும்... இல்லண்ணே, உங்க கிட்டருந்து வரல. கத்தரி உங்களோடது. கை என்னோடது."

அவர் தன் வீட்டுச் செடியைப் பற்றிக் கேட்டார்.

"உங்க செடிதான் மொதல்ல கருகுச்சுன்னா... ஆமா, அது கருகுனது மொதல்ல. நிழல்ல நிக்கற செடி, சட்டுனு பிடிச்சுக்கிச்சு. ஆனா கத்தரி பட்டது கடைசியா... ம். நான்தான். கத்தரிய உங்க வீட்டுக் கொட்டகையில வெக்க வந்தேன். வீடு பூட்டியிருந்துச்சு. எல்லாக் கிளையும் வெட்டியிருக்கீங்க, ஒண்ண மட்டும் கேட்டுக்கு மேல நீட்டமா விட்டிருந்தீங்க. மறந்துட்டீங்கன்னு நினைச்சேன். கை சும்மா இருக்கல. தோட்டக்காரர் வீட்டுச் செடிக்கே நம்ம கவாத்து பண்ணிட்டோம்னு... சிரிச்சுக்கிட்டே போனேண்ணே அன்னிக்கு... என்னது? வளைச்சுக் கட்டவா விட்டிருந்தீங்க? கேட்டுக்கு மேலயா. பேரப்புள்ள வந்தா பார்க்கட்டும்னா."

சிஸ்டர் கண்ணை மூடிக்கொண்டாள்.

"ஆமா, அந்த நேர் வெட்டு என்னோடதுதான். நீங்க சாய்ச்சுதான் வெட்டுவீங்க, தெரியும்... நடுவுல வீட்டுக்கு வந்துட்டுப் போன மருமகன்னு நினைச்சீங்களா? அவரத் திட்டிட்டீங்களா? எவ்வளவு நாளா பேசல?... ஐயோ, அண்ணே."

முன்னறையில் கதவு திறந்து மூடியது. பல் பிடுங்கியவர் போய்விட்டார். அடுத்த ஆள் உள்ளே வருவதற்குள் வெந்த தட்டு அங்கே போயாக வேண்டும். அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"ஒண்ணு கேக்கறேன், தப்பா நினைச்சுக்காதீங்க. இத நமக்குள்ளயே வெச்சுக்கலாமா? செயலாளர்கிட்ட மண்ணுல கோளாறுன்னு சொல்லிடுங்க. உங்க பேரும் வேணாம், என் பேரும் வேணாம். நீங்களும் போக வேணாம்... இல்லண்ணே, தெரியாம இல்ல. ஆனா இந்தத் தெருவே பல்லு காட்ட இங்கதான் வருது. கத்தரியத் துடைக்காதவ கொக்கிய மட்டும் துடைச்சிருப்பாளான்னு கேக்க மாட்டாங்களா? நீங்களே கேப்பீங்களே... அண்ணே?... இருக்கீங்களா? மூச்சு கேக்குது... ஏதாவது திட்டுங்களேன்."

அவர் திட்டவில்லை. பேச ஆரம்பித்தார். அவள் அவசரமாகப் பேனாவைத் தேடி, நோயாளிகளின் சீட்டு ஒன்றின் பின்புறத்தில் எழுதிக்கொண்டாள்.

"ம்... கருப்புக்குக் கீழ இறக்கி... உள்ள வெள்ளையாத் தெரியற வரைக்கும். ம்... வெட்டினத எரிச்சிடணும், குப்பையில போடக் கூடாது... டீச்சர் வீடு வரைக்கும் மூணையும் தொடவே கூடாது, ஆமா. முனை வீடு, பேங்க்காரர், டீச்சர், மூணையும்... ஒவ்வொரு வெட்டுக்கும் துடைக்கணும். ஒவ்வொரு செடிக்கு இல்ல, ஒவ்வொரு வெட்டுக்கும். எழுதிக்கிட்டேன்... யார் வெட்டறதுண்ணே? நீங்களா, நானா?... செயலாளர்கிட்ட யார் சொல்றது? அண்ணே, அத மட்டும் சொல்லுங்க. ஹலோ?"

எப்போதும் "வெச்சிடறேன் சிஸ்டர்" என்று மூன்று தடவை சொல்லித்தான் அவர் போனை வைப்பார். இன்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.

டாக்டர் முன்னறையிலிருந்து மறுபடியும் கூப்பிட்டார். அவள் கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, புதுக் கையுறை மாட்டி, ஸ்டெரிலைசரைத் திறந்தாள். ஆவி முகத்தில் அடித்தது. வெந்த தட்டைக் கொண்டுபோய் டாக்டரின் கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்துவிட்டு, இரண்டே நிமிஷம் சார் என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்தாள். கையுறையைக் கழற்றினாள். எண்ணை அழுத்தினாள். மூன்று தடவை மணி அடித்தது. நான்கு. எடுக்காவிட்டால் நல்லது என்று நினைப்பதற்குள் எடுத்துவிட்டார்கள்.

"ஹலோ, செயலாளர் சாருங்களா?... சிஸ்டர் பேசறேன், பல் டாக்டர்கிட்டருந்து... இல்ல சார், உங்க பல்லுக்கு அடுத்த வாரம்தான். இது வேற. ரோஜா விஷயம்... ஆமா சார், தோட்டக்காரர் வந்து சொன்னாரில்ல... ஆமா. அது அவர் இல்ல சார்."