பெண்ணுக்கு வரி இல்லாத பாட்டு

தேத்தண்ணிக்கு நன்றி, இன்ஸ்பெக்டர் ஐயா. சீனி கொஞ்சம் கூடிவிட்டது, பரவாயில்லை.

திருகோணமலையில் பாட்டு வீடியோ எடுப்பவர்களில் சொன்ன நாளில் முடித்துக் கொடுப்பவன் நான்தான். இதுவரை பதினொரு பாட்டு. எல்லாவற்றிலும் பெடியன் பாடுவான். பெண் தலைமுடி கோதுவாள், திரும்பிப் பார்ப்பாள், நனைவாள். வாய் திறக்கமாட்டாள். என்னைத் திட்டுகிறவர்களும் அதைத்தான் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார்கள்.

பன்னிரண்டாவது பாட்டில் நடிக்க வந்த ஈச்சிலம்பற்று நிருசாவுக்கு அது போதவில்லை. ஒரு வரியைத் தானே பாடி எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தாள். படப்பிடிப்பு அன்று காலையில் படகில் ஏறும்போதும் அதே கதை.

"அண்ணா, எனக்கும் ஒரு வரி தாங்கோவன்."

"இந்தப் பாட்டில பொம்பிளைக்கு வரி இல்லை, தங்கச்சி. வடிவா நிண்டாப் போதும்."

எரிச்சலாகத்தான் இருந்தது. முகத்துக்காகக் கூப்பிட்டால் முகத்தோடு நிற்க வேண்டியதுதானே.

கொட்டியாரக் குடாவில் அவள் தண்ணீருக்குள் இறங்கும் காட்சி. நீந்தத் தெரியாது என்று முதலே சொல்லியிருந்தாள். சேலைக்குள் லைஃப் ஜாக்கெட் போட்டிருந்தாள். அது புடைத்துத் தெரிந்தது, கழற்றச் சொன்னேன். படகைப் பிடித்திருந்த விரல்களும் படத்தில் விழுந்தன. கையை விடச் சொன்னேன். சொன்னபடி செய்தாள்.

மெதுவாக ஓடும் காட்சிக்குப் பாட்டை இரட்டை வேகத்தில் போட்டுத்தான் நாங்கள் எடுப்போம். படகில் ஸ்பீக்கர் அலறியது. அவளுடைய சத்தம் கேட்கவில்லை, வாய் அசைவது மட்டும் தெரிந்தது. வரி இல்லாத இடத்தில் வாயசைக்கிறாளே என்று முதலில் கோபப்பட்டேன். பிறகு விளங்கிவிட்டது. படகுக்காரர் முனாப்புக்கும் விளங்கி, சட்டையைக் கழற்றினார்.

"தம்பி, புள்ள தாழுது!"

"முனாப் நானா, கமராவுக்குள்ள வராதேங்கோ. அவ நடிக்கிறா."

கிண்ணியாவில் முப்பது வருடம் கடலோடியவர். ஆனாலும் என் பேச்சை நம்பி நின்றார். சரணம் முடிந்த பிறகுதான் விட்டேன். அவர் குதித்துத் தூக்கியபோது அவளிடம் மூச்சில்லை.

ஓம், தெரிந்துதான் நிறுத்தவில்லை. பதினொரு பாட்டிலும் எனக்குக் கிடைக்காத முகம் அது. அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

செத்தவீட்டுக்கு நான் போகவில்லை, எடிட்டிங் இருந்தது. மூழ்கும்போது அசைந்த அந்த வாயை மெதுவாக்கி, அவள் வாட்ஸ்அப்பில் அனுப்பிய குரலை அதன்மேல் வைத்தேன். அச்சொட்டாகப் பொருந்தியது.

இதையும் எழுதுங்கள், ஐயா: அந்தப் பிள்ளைக்கு ஒரு வரி கொடுத்தவன் நான் மட்டும்தான்.