காலூன்ற இடம் கேட்கும் உயிரணு

என் பேச்சுக்குப் பத்தே நிமிடம் தந்துவிட்டுக் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருக்கும் தலைவர் அவர்களே! தீக்காயப் பிரிவைத் தோளில் சுமக்கும் செவிலியரே! பெரியோர்களே! நோயாளிகளுக்காக வாசலிலேயே காத்துக்கிடந்த தாய்மார்களே! ஆய்வகத்தில் தோல் வளர்க்கும் எளியவளின் வணக்கம்.

கண்ணில்லை, காதில்லை. தான் இருக்கும் இடத்தை ஓர் உயிரணு எப்படி அறிகிறது? தொட்டு! தொடும், பற்றும், இழுத்துப் பார்க்கும். தரை கெட்டியா, குழைவா? பற்றிய இடத்திலிருந்து சேதி உள்ளே ஓடும்: இடமிருக்கிறது, படர், பெருகு! பற்ற இடமே இல்லையென்றால்? தன்னைத்தானே முடித்துக்கொள்ளும். ஆம் அம்மா, தானாகவே! நீங்கள் உச்சுக்கொட்டுகிறீர்கள், நான் அதைக் கண்ணால் கண்டேன்.

ஒரு வெல்டர். தொட்டி வெடித்து மார்பும் முதுகும் இரு கைகளும் வெந்துவிட்டன. மிஞ்சிய நல்ல தோலில் தபால்தலை அளவு வெட்டி, உயிரணுக்களைப் பிரித்து, மூன்று குப்பிகளில் என்னிடம் தந்தார்கள் மருத்துவர்கள். முதல் குப்பியைத் தட்டில் விதைத்தேன். ஒன்றுகூட ஒட்டவில்லை, உருண்டையாய் மிதந்தன, செத்தன. இரண்டாவதும் அப்படியே! உணவு சரி, சூடு சரி. "ஒட்டிக்கிச்சாம்மா?" என்று தினமும் கேட்பார் அவருடைய அக்கா. என் நாக்குத்தான் மேலண்ணத்தில் ஒட்டியது!

மூன்றாவதைத் தொடப் பயந்து, காலித் தட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டேன். படரவில்லை; முத்தாய் உருண்டது. தட்டைத் திருப்பி அடியிலிருந்த எழுத்தைப் படித்தேன். அது கிருமி வளர்க்கும் தட்டு! பார்வைக்கு இரண்டும் ஒன்றே. உயிரணுத் தட்டின் அடிப்பரப்பை மட்டும் பற்றுவதற்கென்று பதப்படுத்தியிருப்பார்கள்; அதில் தண்ணீரும் படரும். அலமாரியில் மாற்றி அடுக்கிய கை யாருடையது? இதோ, இந்தக் கை!

அக்காவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். "ரெண்டு குப்பியும் என்னாலதான் போச்சுக்கா."

என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அழறதை அப்புறம் வச்சுக்கலாம். மூணாவதை எதுல போடப்போற? அதைக் காட்டு."

புதுத் தட்டில் அவரே சொட்டு விட்டார். சட்டென்று படர்ந்தது. மூன்றாவது குப்பியை அதில் விதைத்தேன்; மறுநாள் அவருக்கு நுண்ணோக்கியில் காட்டினேன். தட்டையாய்ப் படிந்து, கால் நீட்டி, பக்கத்து உயிரணுவைப் பற்றியிருந்தன!

"எப்படிம்மா இதுக்குத் தெரியுது?" என்றார்.

"முழுசா யாருக்கும் தெரியாதுக்கா," என்றேன். தெரிந்துகொள்ளத்தான் தினமும் குனிகிறேன்.

அந்த ஒரு குப்பியிலிருந்து ஏடு ஏடாகத் தோல் வளர்ந்தது. தம்பியின் உடம்பில் வைத்தோம்; பற்றியது! பொறுங்கள், நீங்கள் கைதட்ட வேண்டாம். மூன்றாம் வரிசையில் அந்த வெல்டர் அமர்ந்திருக்கிறார். முதலில் அவர் தட்டட்டும். அந்தக் கைகளின் ஓசையைக் காதாரக் கேட்டு, அக்காவுக்கும் அவைக்கும் நன்றி கூறி அமர்கிறேன். வணக்கம்!