வெள்ளைப் பூ வந்த வீடு

பல்லடத்திலிருந்து திருப்பூர் போகும் பஸ். எனக்கு முன் சீட்டில் பனியன் கம்பெனி முதலாளி ஒருவரும் அவர் மச்சினனும். முதலாளி சொன்னதைக் கேட்டதும் என் தூக்கம் போய்விட்டது.

"கொத்தன் செவுத்தத் தட்டிப் பாத்துட்டு, ஊடு நிக்காதுன்னுட்டான் மாப்பிள்ளை. நான் கோயில்ல பூப் போட்டுக் கேட்டேன். செவப்பு வந்தா வேண்டாம், வெள்ளை வந்தா செய்யலாம்னு கணக்கு. வெள்ளைதான் வந்துச்சுங்க. சாமியே சரின்னுட்டாரு, பின்னல் மிஷினை எறக்கிட்டேன்."

"கடைவீதிப் பழைய ஊட்டுலயா மச்சான்? நடுச்செவுரு வெடிச்சுக் கெடக்குதுங்களே?"

"அது வழியாத்தான் காத்து வருதுங்க."

"மிஷின் ஓடுனா ஊடே ஆடுமேங்க."

"ஆடுதுங்க. மேலிருந்து மண்ணுக் கொட்டுதுன்னு தார்ப்பாய் கட்டிட்டேன்."

"ஆளுகளுக்கு மேலயா?"

"பனியனுக்கு மேலங்க. வெள்ளைத் துணியில்லீங்களா?"



"உங்க மேசை எங்கீங்க?"

"எதுத்தாப்பல, வேப்பமரத்தடியில."

"ஏனுங்க, சாமிதான் சரின்னுட்டாரே?"

"மிஷின் போடலாமான்னுதானுங்க கேட்டேன். நான் உள்ளே உக்காரலாமான்னு கேக்கலியே."

"அதையும் போய் ஒருக்காக் கேட்டுட்டு வாங்க மச்சான்."

முதலாளி பதறிப்போய்த் திரும்பினார்.

"வெள்ளைப் பூ வந்துட்டா என்னங்க பண்றது?"