நீலப் பெட்டி, வெள்ளிப் பெட்டி

"என் வண்டியும் உன் வண்டியும் ஒண்ணாடா? முன்னாடி இருக்கிற முத்திரையப் பாருடா. கண்ணு அவிஞ்சு போச்சா?"

"அந்த முத்திரையப் பேத்துப் போட்டா உன் வண்டிய உனக்கே அடையாளம் தெரியாது. சும்மா கத்தாதே அண்ணா."

எங்கள் ஒக்கலிபுரம் சந்தில் ஞாயிற்றுக்கிழமை இப்படித்தான் விடியும், மேடம். காபி குடிக்காமல் இருந்துவிடலாம், இந்தச் சண்டையைக் கேட்காமல் இருக்க முடியாது. என் வீடு முதல் மாடி. துணி காயப்போடுகிற சாக்கில் பால்கனியில் நின்றால் சந்து முழுவதும் தெரியும். ஈரத் துணி இல்லாத நாளில் காய்ந்த துணியையே எடுத்து மறுபடி காயப்போடுவேன்.

கத்தியவர் கோவிந்தராஜன், பதில் சொன்னவர் ஆதிகேசவன். அக்காள் வேதநாயகியைக் கட்டியவர் அவர், தங்கை யசோதாவைக் கட்டியவர் இவர். எதிரெதிர் வீடு. போன வருடம் ஒரு மாத இடைவெளியில் இருவரும் வெள்ளைக் கார் வாங்கினார்கள். ஒரே தொழிற்சாலையில் ஒரே வரிசையில் செய்து, இரண்டு கம்பெனிகள் தங்கள் தங்கள் முத்திரையைக் குத்தி விற்கிற வண்டி. கோவிந்தராஜனுடையது உசத்தி முத்திரை. கதவைச் சாத்தினால் சத்தமே வேறு என்பார். சாத்திக் காட்டுவார். உடனே ஆதிகேசவனும் தன் கதவைச் சாத்துவார். சந்தே மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்கும். எனக்கு இரண்டும் 'டப்' என்றுதான் கேட்டது.

மற்றவர்களுக்கு அது அபிப்பிராயம். எனக்குத் தெரிந்த விஷயம். பொம்மசந்திராவில் ஓர் உதிரிபாகக் கம்பெனியில் இருபத்திரண்டு வருடம் பேக்கிங்கில் இருந்தேன். சக்கரத்து நட்டு. ஒரே தொட்டியிலிருந்து அள்ளி, நாற்பது நீலப் பெட்டியில், நாற்பது வெள்ளிப் பெட்டியில் போடுவேன். நீலம் சாதாவுக்கு, வெள்ளி உசத்திக்கு. கை மாறி விழுந்தாலும் சூப்பர்வைசர் ஒன்றும் சொல்லமாட்டார். மாறுவதற்கு என்ன இருக்கிறது?

ஆகஸ்டில் ஒரு ஞாயிறு, பொறுக்க முடியாமல் கீழே இறங்கிப்போய் இதைச் சொன்னேன். கோவிந்தராஜன் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"டப்பா ஒட்டினவளுக்கு வண்டியப் பத்தி என்ன தெரியும்? போ சொர்ணம், போய் யார் வீட்டுல என்ன குழம்புன்னு மோந்து பாரு."

சந்து சிரித்தது. பால்காரர்கூடச் சிரித்தார். நான் சிரிக்காமல், அவர் வண்டியின் முத்திரைக்கடியில் நகத்தைக் கொடுத்து நெம்பினேன். பின்னால் என்ன இருக்கிறது என்று காட்டத்தான். அவர் அறைந்தார். சாக்கடைக் கல்லில் வாய் பட்டு முன்பல் போயிற்று. இதோ, இந்த இடம்.

ஆதிகேசவன் பாய்ந்து வந்து அவர் தலைமுடியைப் பிடித்து பானெட்டில் மோதினார். ஒருமுறை அந்த வண்டியில், இழுத்துக்கொண்டுபோய் ஒருமுறை இந்த வண்டியில். புருவத்தில் ஆறு தையல். மற்றவர்கள் ரத்தத்தைப் பார்த்தார்கள். நான் பானெட்டுகளைப் பார்த்தேன். இரண்டும் ஒரே அளவு குழிந்திருந்தன. அதையும் கோவிந்தராஜன் ஒப்புக்கொள்ளவில்லை.

குழியை ஒரே டிங்கர் கடையில் எடுத்தார்கள். அக்காளும் தங்கையும் அழுது அழுது ஆயுத பூஜைக்குள் சமாதானம் செய்துவைத்தார்கள். என் பல்லைப் பற்றிக் கேட்டவர் ஆதிகேசவன் ஒருவர்தான். தினமும் மேலே பார்த்து, "வலி போச்சா சொர்ணக்கா? நீங்க சொன்னதுதான் நிஜம்" என்பார். நல்ல மனிதர். அலமாரிக்கு வேண்டும் என்று அவருடைய வீல் ஸ்பேனரைக் கேட்டேன். கொடுக்கும்போது, "ரெண்டு வண்டிக்கும் இந்த ஒண்ணே போதும் தெரியுமா அக்கா" என்றார். தெரியும் என்றேன்.

கோவிந்தராஜனைக் கொல்ல நினைத்தேன் என்று எழுதாதீர்கள், மேடம். வெள்ளிப் பெட்டி நட்டும் கழற்றினால் கழலும் என்று அவருக்குத் தெரியவேண்டும், அவ்வளவுதான். தெரிந்துகொள்கிற நேரத்தில் அவர் என்ன வேகத்தில் போய்க்கொண்டிருப்பார் என்பது அவர் பாடு.

ஆயுத பூஜையன்று இரண்டு வண்டிக்கும் ஒரே அலங்காரம். முகப்பை மூடிச் சாமந்தி மாலை, நம்பரை மறைத்து வாழைக்கன்று. முத்திரைதான் வண்டிக்கு நெற்றி என்று பூசாரி முன்னும் பின்னும், ஸ்டியரிங்கிலும், வீல் கப்பிலும்கூடச் சந்தனத்தை அப்பிவிட்டார். டயர்களுக்குக் குங்குமம் வைக்கிற வேலை என்னிடம் வந்தது. வேதநாயகிக்கு இடுப்பு, யசோதாவுக்குப் பட்டுப்புடவை, இருவராலும் குனிய முடியாது. எல்லோரும் உள்ளே இலை போட்டு உட்கார்ந்தார்கள். பட்டப்பகலில், குங்குமச் சிமிழும் ஸ்பேனருமாக நான் சக்கரத்தின் பக்கத்தில் உட்கார்ந்தேன். யார் கேட்கப்போகிறார்கள்?

புங்க மரத்தடியில் நிற்பது எப்போதும் கோவிந்தராஜன் வண்டி. இருந்தாலும் நான் அவசரக்காரி இல்லை. அவர் சொல்கிற வித்தியாசம் ஏதாவது ஒன்று கண்ணில் படுகிறதா என்று நிதானமாகத் தேடினேன். கைப்பிடியைத் தடவினேன், கண்ணாடியைத் தட்டினேன், கதவைக்கூட மெதுவாகச் சாத்திப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. எனக்கு ரொம்பத் திருப்தியாக இருந்தது. ஸ்பேனர் மேல் ஏறி நின்று இரண்டு நட்டுகளைக் கழற்றிச் சிமிழில் போட்டேன். மற்றவற்றைத் தளர்த்தி, கப்பை மாட்டி, டயருக்குப் பொட்டு வைத்துவிட்டு மேலே வந்தேன்.

சாப்பாடு முடிந்து எல்லோரும் வெளியே வந்தார்கள். நெலமங்கலா பக்கத்தில் ஒரு கோவிலுக்கு இரண்டு வண்டியும் போவதாக ஏற்பாடு. மரத்தடிக்கு நடந்து வந்து கதவைத் திறந்தவர் ஆதிகேசவன்.

அன்று காலையில், பூமாலைமேல் காக்கை எச்சம் விழுமென்று கோவிந்தராஜன் தன் வண்டியை வெயிலுக்கு நகர்த்திவிட்டு ஆதிகேசவனுடையதை மரத்து நிழலில் விடச் சொல்லியிருக்கிறார். நான் அப்போது வடை சுட்டுக்கொண்டிருந்தேன். முப்பது வருடத்தில் இந்தச் சந்தில் நான் பார்க்காமல் நடந்தது அது ஒன்றுதான்.

"சொர்ணக்கா, வர்றீங்களா? ஏசி போட்டு வெச்சிருக்கேன்."

நான் வாயைத் திறந்தேன், மேடம். அவர் பெல்ட்டை மாட்டினார், கண்ணாடியைச் சரிசெய்தார், யசோதாவை அக்காள் வண்டியில் ஏறச் சொன்னார். நேரம் நிறைய இருந்தது. ஆனால் கீழே கோவிந்தராஜன் நின்றிருந்தார், புருவத்தில் தழும்போடு. அவர் எதிரில் எப்படிச் சொல்வது?

"தலைவலிப்பா. நீ போய்ட்டு வா" என்றேன். நான்கு எலுமிச்சம்பழமும் நசுங்க வண்டி கிளம்பியது.

தும்கூர் ரோடு மேம்பாலத்தில் சக்கரம் கழன்று வண்டியை முந்திக்கொண்டு ஓடியதாம். பின்னால் வந்த மூவரும் பார்த்திருக்கிறார்கள். வண்டி தடுப்பில் மோதிக் கவிழ்ந்தது, கம்பி ஏற்றிய லாரி அதன்மேல் ஏறியது. கதவை அறுத்து அவரை இரண்டு தடவையாக எடுத்தார்கள். முகம் இல்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்துத்தான் யசோதா தன் புருஷன் என்று ஒப்புக்கொண்டாள். முகப்பு போனால் எல்லாம் அப்படித்தான் என்று எனக்கு அப்போதும் தோன்றியது.

விபத்து என்று உங்கள் ஸ்டேஷனில் எழுதி முடித்துவிட்டீர்கள். என்னை யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. நானும் பேசாமல் இருந்திருப்பேன். ஆனால் சாவு வீட்டில் கோவிந்தராஜன் அழுதுகொண்டே என்ன சொன்னார் தெரியுமா?

"தலப்பாடா அடிச்சுக்கிட்டேன், சாதா வண்டி வேணாண்டான்னு. என் வண்டின்னா சக்கரம் கழலுமா?"

சந்து தலையாட்டியது. யசோதாவும் தலையாட்டினாள். ஆதிகேசவன் போன துக்கத்தைவிட எனக்கு அது பெரிதாக இருந்தது.

யசோதா வீட்டைக் காலி செய்துகொண்டு சந்தாபுராவில் தம்பி வீட்டுக்குப் போய்விட்டாள். போன மாதம் கோவிந்தராஜன் மகன் ரகுராமுக்குக் கல்யாணம். பெண் பெயர் கிருத்திகா, பொறுமைசாலி மாதிரி தெரிகிறது, வேண்டியிருக்கும். மாப்பிள்ளை ஊர்வலம் அந்த வண்டியில்தான். சம்பந்தி வீட்டாரிடம் மாமனார் முதல் வேலையாகச் சக்கரம் கழன்ற கதையைச் சொல்லி, பானெட்டைத் தட்டிக் காட்டினார். எங்கள் சந்தில் இப்போது மூன்று வீட்டில் அதே உசத்தி முத்திரை. நீங்கள் வாசலில் நிறுத்தியிருப்பதும் அதுதான், பார்த்துவிட்டுத்தான் உள்ளே வந்தேன்.

செத்தவர் பேரில் இப்படி ஒரு பழி நிற்கக்கூடாது, மேடம். அவருக்காகத்தான் வந்தேன். அவர் வண்டியில் குறையே இல்லை. கழற்றியது நான். தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள்.

இது அவருடைய ஸ்பேனர். இந்தச் சிமிழில் நான்கு நட்டுகள் இருக்கின்றன. இரண்டு அவர் வண்டியில் கழற்றியவை, இரண்டு வேலையில் இருந்தபோது வெள்ளிப் பெட்டியிலிருந்து நான் எடுத்து வைத்தவை. நான்கையும் குங்குமத்தில் புரட்டியிருக்கிறேன். கோவிந்தராஜனைக் கூப்பிட்டு எது எதுவென்று பிரித்துக் காட்டச் சொல்லுங்கள். அவர் காட்டிவிட்டால், நான் செய்தது தப்பு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்.